மேடு ஆறிவிட்டது என்று நான்தான் சொன்னேன்

நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மண் கலவை பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கோழி எரு எத்தனை பங்கு, உமிக்கரி எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை மேட்டைப் புரட்டுவது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறது. படம் போட்டு, பின்னால் பாட்டும் போட்டுக் காட்டுகிறார்கள். அதையே நான் திரும்ப எழுதினால் உங்களுக்கு நேரம் வீண், எனக்குக் கை வலி.

நான் ஒரே ஒரு மேட்டைப் பற்றிச் சொல்கிறேன். மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கிய காலத்தில் எத்தனையோ மேடு போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. அந்த மேட்டில் நான் செய்த தப்புக்கு இன்னொருத்தியின் வீடு போகப் பார்த்தது. நடந்துகொண்டிருந்தபோது எனக்கு எதுவுமே புரியவில்லை. இப்போதும் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெளிவாகப் பேசும் ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

எங்கள் நர்சரி கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிய ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. டுரியான் பழமரத்தின் ஒட்டுக்கன்றுகள். சின்னப் பையில் வரும் கன்றைப் பெரிய பைக்கு மாற்றி, சில மாதம் தேற்றி, பிறகு மலைச்சரிவில் நட அனுப்புவோம். பெரிய பைக்குப் போகும் மண்தான் எங்கள் வேலையே. கோழி எரு, எண்ணெய் எடுத்த செம்பனைக் குலையின் சக்கை, பெண்டாங் அரிசி ஆலைப் பக்கமிருந்து வரும் உமிக்கரி, மேல்மண். நான்கையும் கலந்து மேடாகக் குவித்து, புரட்டிப் புரட்டிப் பழுக்க விட வேண்டும். பழுக்கும்போது மேடு உள்ளே கொதிக்கும். கொதித்து அடங்கி ஆறின பிறகுதான் அது மண். அதற்கு முன்னால் அதில் கன்றை வைத்தால் வேர் வெந்துவிடும்.

ஆறிவிட்டதா என்று பார்க்க என்னிடம் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. மேட்டின் நடுவில் செருகிவிட்டுப் போய்த் தேநீர் குடிப்பேன். திரும்பி வந்து உருவி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சுட்டால் காத்திருக்க வேண்டும். சுடவில்லை என்றால் பையில் போடலாம். யாரும் சொல்லித் தந்ததில்லை. வேலைக்கு வந்த புதிதில் கையை உள்ளே விட்டுக் கொப்புளம் வாங்கிக்கொண்ட பிறகு நானே கண்டுபிடித்தது. அதனால் அந்தக் கம்பியின் மேல் எனக்குத் திமிர் உண்டு. மேனேஜர் வாங்கி வைத்திருந்த வெப்பமானியை நான் தொட்டதுகூட இல்லை.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. கெடாவில் வருடத் தொடக்கம் எப்போதும் வறட்சிதான், ஆனால் அந்தத் தடவை நர்சரிக் குளம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. கன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மேட்டுக்கு ஊற்றி வீணாக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வழக்கமாக மேடு பழுக்க மூன்று மாதம் ஆகும். அந்த மேடு ஏழாவது வாரமே ஆறிவிட்டது. கம்பி குளிர்ந்து வந்தது. கோழி எருவின் நாற்றமும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மலையில் குழி வெட்டித் தயாராக இருந்தார்கள். மழை தொடங்கியதும் நட்டுவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மேனேஜரை நெருக்கினார்கள், அவர் என்னை நெருக்கினார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் தினமும் அதே கேள்வி. மேடு ரெடியா அக்கா? படித்த பையன்தான், மரியாதை தெரிந்தவர். ஆனால் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டால் மரியாதையும் குத்தும்.

அந்த மேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் தனம். நாற்பது வயது இருக்கும். கோலா கெடாவில் மீன் இறக்கும் வேலை என்று போன கணவன் திரும்பி வரவில்லை. நடக்க முடியாத மாமியாரை வைத்துக்கொண்டு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்தாள். லயத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் மண்வெட்டியைப் பார்த்துத்தான் பேசுவாள்.

அன்றைக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உள்ள வெள்ளையா இருக்குக்கா. சாம்பல் பூத்த மாதிரி."

"உமிக்கரி போட்டா சாம்பல் இல்லாம சந்தனமா இருக்கும்?" என்றேன்.

பக்கத்தில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். பாக்கியம் என்னோடு சேர்ந்து வயதானவள், நான் எது சொன்னாலும் சிரிப்பாள். தனம் மறுபடி புரட்டப் போய்விட்டாள். மறுநாள் காலையில் மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன்.

"ஆறிடுச்சு சார். மாத்தலாம். போலெ, முடியும்."

ஒரு வாரத்தில் எல்லாக் கன்றையும் பெரிய பைக்கு மாற்றினோம். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் வரிசை என்று பிரித்துக் கொடுத்தேன். தனத்துக்குக் குளத்தை ஒட்டிய வரிசைகள், பாக்கியத்துக்கு நடு வரிசைகள், இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த ஸ்ரீக்கு வேலியோரம். அவரவர் வரிசைக்கு அவரவர் தண்ணீர் ஊற்ற வேண்டும், களை பிடுங்க வேண்டும். அப்போதுதான் யார் வேலை செய்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரியும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் தனத்தின் வரிசைகளில் இலை நுனி பழுப்படித்தது. அடுத்த நாள் அந்தப் பழுப்பு இலையின் பாதிக்கு வந்தது. அதற்கடுத்த நாள் இலை கொட்டியது. ஒன்றிரண்டு கன்று இல்லை, வரிசை வரிசையாக.

மற்ற இருவரின் வரிசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சையாக நின்றன.

நான் குழம்பிப்போனேன். நோயா என்று ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனிகள் தீயில் காட்டிய நூல் மாதிரி சுருண்டு பழுப்பாக இருந்தன. மண் சுட்டிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் ஒரே மேட்டு மண். ஒரே வாரத்தில் மாற்றிய ஒரே ஜாதிக் கன்று. மண் சுட்டால் எல்லாவற்றையும்தானே சுட வேண்டும்? பாக்கியத்தின் கன்று எப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறது? ஆக, மண்ணின் மேல் குற்றம் இல்லை. மண்ணின் மேல் குற்றம் இல்லை என்றால் ஆளின் மேல்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கணக்கில் எனக்குத் தப்பே தெரியவில்லை. இன்றைக்கு நீங்கள் என் இடத்தில் இருந்தால் உங்களுக்கும் தெரியாது.

பைகளைத் தொட்டுப் பார்த்தேன். பாக்கியம், ஸ்ரீ வரிசைகளில் மேல்மண் ஈரமாக இருந்தது, அளவாக. தனத்தின் பைகள் அடிவரை ஊறி, ஓட்டைகளில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டு, ஒரு பைக்கு எவ்வளவு ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

"கீழ வடியுற வரைக்கும்க்கா. ஒரு தடவ ஊத்துனா உள்ள போக மாட்டேங்குது. ஓரமா ஓடிருது. மூணு தடவ ஊத்துறேன்."

"மூணு தடவையா? அது கன்னா, எருமையா?"

அவள் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாமே அதில் இருக்கிறது. என் காதில் விழுந்தது 'மூணு தடவ' மட்டும்தான்.

மேனேஜர் வந்து பார்த்தார். யாருடைய வரிசை என்று கேட்டார். நான் சொன்னேன், "தனம் சார். தண்ணி அதிகமா ஊத்திட்டா." அவ்வளவுதான் சொன்னேன். திட்டுவார், இரண்டு நாள் வேலையை நிறுத்தி வைப்பார் என்று நினைத்தேன். மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை, வீட்டைப் புதிதாக வரும் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குத் திக்கென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னது நான்தானே, உடனே எப்படி மாற்றிப் பேசுவது என்று நின்றேன். என் வாய் வேண்டாத நேரத்தில் நன்றாகத் திறக்கும்.

மனசு கேட்கவில்லை. நியாயமாக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஆட்களை இடம் மாற்றினேன். பாக்கியத்தின் பச்சை வரிசைகளைத் தனத்திடம் கொடுத்தேன். தனத்தின் வரிசைகளில் மிச்சம் இருந்த கன்றுகளைப் பாக்கியம் பார்த்துக்கொண்டாள். "இங்க ஒரு தடவைதான் ஊத்தணும்" என்று தனத்திடம் சொல்லிவிட்டு நானே நின்று பார்த்தேன். அவள் ஒரு தடவைதான் ஊற்றினாள். குழாயைப் பாதி மூடி, நூலாகத் தண்ணீரை விட்டு, ஒவ்வொரு பையின் பக்கத்திலும் நெடுநேரம் நின்றாள். மெதுவாக இருக்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. ஆனால் சொன்ன சொல்லை மீறவில்லை. ஒரு தடவைதான்.

எட்டு நாளில் அந்த வரிசைகளிலும் இலை நுனி பழுப்படித்தது.

அங்கே, பாக்கியத்தின் கைக்கு வந்த பழைய வரிசைகளில், பாதி செத்த கன்றுகள் அதற்கு மேல் கெடாமல் நின்றுவிட்டன.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன நினைப்பது? தண்ணீர் அதிகம் என்ற காரணமும் போய்விட்டது. அவள் போகும் இடமெல்லாம் சாகிறது, அவள் விட்ட இடம் பிழைக்கிறது. பாக்கியம் தண்ணீர்க் குழாயில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். என் காதோரம் வந்து, "சிலருக்குக் கைராசி கிடையாதுக்கா. நம்ம வேணும்னு சொல்லல, கன்னே சொல்லுது" என்றாள். ஸ்ரீக்குத் தமிழ் புரியாது, ஆனால் அவளும் தனத்தின் பக்கத்தில் நின்று சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

கைராசி, கண்ணேறு எதையும் நம்பாதவள் நான். அந்த வாரம் நம்பினேன். நம்பவில்லை என்று இப்போது சொன்னால் பொய். புதிதாக வந்த ஒரு தட்டுக் கன்றைத் தூக்க அவள் கை நீட்டியபோது, "நீ தொடாத" என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டு பாவாடையில் துடைத்தாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை. அந்தத் துடைப்பு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

மேனேஜர் மாதக் கடைசி வரை காத்திருக்க மாட்டேன் என்றார். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் யாரையாவது திட்ட வேண்டும். தனத்தைத் திட்ட முடியவில்லை, மேனேஜரைத் திட்ட முடியாது. உமிக்கரி கொண்டுவரும் லோரிக்கார பாய்க்குப் போன் போட்டேன். பெண்டாங்கில் ஆலை ஆலையாக அலைந்து உமி எடுத்துச் சுட்டு விற்பவர். என்ன சாம்பலை ஐயா அனுப்பினீர்கள், அதில் உப்பா, சுண்ணாம்பா, என் கன்றெல்லாம் சாகிறது என்று கத்தினேன். மேடு முழுக்க உங்கள் வெள்ளைச் சாம்பல்தான் என்றேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, என்னைத் திட்டுறதுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? நான் குடுக்குறது கரிலா. பாதி எரியும்போதே தண்ணி அடிச்சு அணைச்ச உமி, கன்னங்கரேல்னு இருக்கும். வெள்ளையா ஒண்ணு இருந்தா அது என் சரக்கு இல்ல. வேற ஆளப் பாத்துத் திட்டுங்க."

போனை வைத்துவிட்டார். நான் கையில் போனோடு நின்றேன். அவர் சொன்னது உண்மை. எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், அவருடைய உமி கறுப்புத்தான். அப்படியென்றால் தனம் காட்டிய வெள்ளை என்ன?

நேராக ஸ்ரீயின் வரிசைக்குப் போனேன். இலை மினுமினுக்கும் ஒரு நல்ல கன்று. பையைக் கத்தியால் நீளமாகக் கிழித்தேன். மேலே இரண்டு விரல்கடைக்கு ஈரம். அதற்குக் கீழே அடிவரை காய்ந்த தூள். கையில் அள்ளி ஊதினால் மாவு மாதிரி பறந்தது. உள்ளே முழுக்க வெள்ளைப் பூசணம் படர்ந்து, கோழி எரு கட்டி கட்டியாக, போட்டபோது இருந்த மாதிரியே இருந்தது. எதுவும் பழுக்கவில்லை. கன்று தன்னுடைய பழைய சின்ன மண் உருண்டையிலேயே உயிரோடு இருந்தது. புதிய மண்ணுக்குள் ஒரு வேரும் போகவில்லை.

பிறகு தனம் இப்போது தண்ணீர் ஊற்றும் வரிசையில் ஒரு பையைக் கிழித்தேன். கறுப்பாக, ஈரமாக இருந்தது. லேசாகச் சூடும் இருந்தது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கண் எரிந்தது. முதல் வாரத்தில் மேடு கொதிக்கும்போது வருமே, அதே நெடி.

ஓடினேன் என்று எழுத ஆசைதான். என் முழங்காலுக்கு ஓட்டம் வராது. நடந்தே போய், மீந்திருந்த மேட்டின் ஒரு மூலையில் நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றிப் புரட்டி, கோணி போட்டு மூடி, கம்பியைச் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் காலை கம்பியை உருவி மணிக்கட்டில் வைத்தேன். சுட்டுவிட்டது. இன்னும் தழும்பு இருக்கிறது.

மேடு ஆறவே இல்லை. தண்ணீர் இல்லாமல் பாதியில் வேலையை நிறுத்திவிட்டுக் கிடந்திருக்கிறது. ஊற்றாதே என்று சொன்னவள் நான். சூடு இல்லை, நாற்றம் இல்லை என்றதும் பழுத்துவிட்டது என்று நினைத்தவளும் நான். காய்ந்த அந்த மண் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. மற்ற இருவரும் மேலே நனைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். முதலில் மூன்று தடவை ஊற்றியும், பிறகு நூலாக விட்டு நின்றும் அடிவரை நனைத்தவள் தனம் ஒருத்திதான். நனைந்ததும் மண் விட்ட இடத்திலிருந்து மறுபடி கொதிக்கத் தொடங்கி, வேரை வேகவைத்துவிட்டது. பாக்கியத்தின் கைக்குப் போன வரிசைகளில் அது மறுபடி காய்ந்து அடங்கிவிட்டது. ஒழுங்காக வேலை செய்தவளின் கன்று செத்தது, ஒப்புக்கு ஊற்றியவர்களின் கன்று பிழைத்தது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

அதே காலையில்தான் ஜெராய் மலை உச்சியை மேகம் மூடியது. இரண்டு மாதமாகக் காத்திருந்த மழை. நல்ல மழை ஒன்று அடித்தால் போதும், பச்சையாக நிற்கும் மற்ற பைகளும் அடிவரை நனைந்துவிடும். எல்லாம் போய்விடும்.

மேனேஜரிடம் போனேன். எல்லாக் கன்றையும் பையிலிருந்து எடுக்க வேண்டும், இந்த மண்ணைக் கொட்டிவிட்டு வெறும் மேல்மண்ணில் வைக்க வேண்டும், இன்றைக்கே என்றேன். அவர் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடலாமே என்றார். மூடலாம், இன்றைக்குத் தப்பிக்கும், மலையில் நட்ட பிறகு அங்கே பெய்யும் மழையை எதைப் போட்டு மூடுவீர்கள் என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"ரெடின்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. நான்தான் சொன்னேன். தப்பு."

"தனம் தண்ணி அதிகமா ஊத்திட்டான்னு சொன்னதும் நீங்கதான். இப்போ இதையும் நீங்கதான் சொல்றீங்க. எதை நான் நம்புறது?"

நியாயமான கேள்வி. மேட்டில் மறுபடி செருகி வைத்திருந்த கம்பியைக் கோணியால் பிடித்து உருவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். தொட்டதும் கீழே போட்டுவிட்டார். கையை உதறிக்கொண்டே வானத்தைப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

ஆட்கள் போதவில்லை. மலையில் குழி வெட்டியவர்களையும் கூப்பிட்டேன். ஆனாலும் கன்றின் உருண்டை உடையாமல் எடுக்கும் பொறுமை எங்களில் ஒருத்திக்குத்தான் இருந்தது. லயத்துக்குப் போனேன். மாமியாரை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தனம் பாத்திரங்களைச் சேலையில் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். நீ சரியாகத்தான் ஊற்றினாய், மேடுதான் ஆறவில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று நான் மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"நான் எப்படி ஊத்துனேன்னு எனக்குத் தெரியும்க்கா. அத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பெரட்டுல சொல்லுங்க."

"மழ வருது தனம்."

"வரட்டும்."

திரும்பி நடக்கும்போது என்ன பிடிவாதம் பிடித்த பொம்பளை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

நண்பகலில் யாரும் பெரட்டு வைப்பதில்லை. நான் வைத்தேன். மழை தலைக்கு மேல் நிற்க, எல்லாரையும் வேலையிலிருந்து இழுத்து வரிசையில் நிற்க வைத்தேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடு ஆறவில்லை, ஆறிவிட்டது என்று சொன்னது நான், மேட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றதும் நான், இந்த நர்சரியில் தண்ணீர் ஒழுங்காக ஊற்றியது தனம் மட்டும்தான் என்று சொன்னேன். மலாயிலும் ஒரு தடவை சொன்னேன், ஸ்ரீக்காக.

"அப்போ எங்க கன்னு மட்டும் எப்படிப் பொழச்சது?" என்றாள் பாக்கியம்.

"நீங்க ஊத்தாததால."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் தனம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலியோர வரிசைக்குப் போய் முதல் பையைக் கிழித்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள்.

மழை வந்தபோது மூன்றில் ஒரு பங்கு பைகள் மிச்சம் இருந்தன. அவற்றுக்குப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு மறுநாள் எடுத்தோம். எடுத்தவற்றிலும் கொஞ்சம் பிறகு செத்தன. நிறையப் பிழைத்தன. தனத்தின் வீடு தனத்துக்கே இருந்தது. செத்ததற்குக் காரணம் கடும் வெயில் என்று மேனேஜர் மேலிடத்துக்கு எழுதினார். என் பெயரைப் போடுங்கள் என்றேன். உங்களுக்காகத்தான் அக்கா இப்படி எழுதினேன் என்றார். எனக்காகவா, அவருக்காகவா, இன்றுவரை தெரியவில்லை. குழாயில் கட்டிய எலுமிச்சம்பழத்தை யார் கழற்றியது என்றும் தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தேன், இல்லை.

தெரியாதது இன்னொன்றும் இருக்கிறது. அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றாள். தண்ணீர் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்றாள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். பிறகு ஏன் கேட்கவில்லை? அவள் மெதுவாகப் பேசுகிறவள் என்பதாலா? என் கையில் கம்பி இருந்ததாலா? தினமும் ஒருவர் வந்து ரெடியா என்று கேட்கும்போது ஏதாவது ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்ற வீம்பாலா? எல்லாம்தான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் போதவில்லை.

அடுத்த மேடு போட்டபோது, மேட்டைப் புரட்டுகிற ஆள்தான் இனி பதில் சொல்ல வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை, பெரட்டு முடிந்ததும் வந்து நின்றார். மேடு ரெடியா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தனத்தைப் பார்த்தேன். அன்றைக்கு விடியும்போதே கம்பியைத் தொட்டுப் பார்த்திருந்தேன். குளிர்ந்துதான் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் நாக்கு துடித்தது.

"தெரியல சார்" என்றாள் தனம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஒரு வாளி மண்ண நனச்சு மூடி வச்சிருக்கேன். நாளான்னிக்கு வந்து கேளுங்க."

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை வருடத்தில் ஒரு மேனேஜர் பதில் இல்லாமல் பெரட்டிலிருந்து திரும்பிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தனம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். நான் கம்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.